பதினோரு விநாடி

மழையில் ஊறிய காட்டு மலைச்சரிவு. முழங்கால் வரை சேறு தெறிக்க, ஒரு பையன் சைக்கிளில் இறங்குகிறான். இறங்குகிறான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பார்த்தால் சைக்கிளோடு விழுகிற மாதிரிதான் இருக்கிறது. இடம், சுவிட்சர்லாந்தில் ஷாம்பெரி. 2011 உலக டவுன்ஹில் சாம்பியன்ஷிப். பையன், இங்கிலாந்திலிருந்து வந்த டேனி ஹார்ட். அப்போது வயது 19.

இணையத்தில் அந்தச் சில நிமிஷத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். 'இதுக்கா இவ்வளவு கத்தல்?' என்று தோன்றியிருந்தால் தப்பு உங்கள் மேல் இல்லை. கேமரா எந்த மலையையும் தட்டையாக்கிவிடும். செங்குத்துச் சரிவு, டி.வி.யில் தெருமுனை மேடு மாதிரி தெரியும்.

அந்தக் குறையை ஈடுகட்டுவது வர்ணனையாளர் ராப் வார்னரின் குரல். அவரே இந்தப் பந்தயங்களில் ஓட்டி ஜெயித்தவர். ஈர வேரில் சக்கரம் ஏறினால் என்ன ஆகும் என்று உடம்பால் தெரிந்தவர். அதனால்தான் பதறுகிறார், நம்பமுடியாமல் சிரிக்கிறார். விஷயம் தெரிந்தவனின் பயம் அது.

என் புகார் வேறு. நான் பி.காம். ஒற்றை எண்ணைக் காட்டினால் போதாது, பக்கத்தில் ஒப்பிட இன்னொன்று வேண்டும். ஹார்ட் ஜெயித்தது கிட்டத்தட்ட 11.7 விநாடி வித்தியாசத்தில். ஒரு விநாடிக்குள் பதக்கம் கைமாறுகிற விளையாட்டில்! ஆனால், எல்லோரும் பார்க்கிற அந்தத் துண்டில் மற்றவர்கள் யாருமே இல்லை. அப்புறம் 11.7 எப்படிப் புரியும்?

முழுப் பந்தயத்தையும் தேடுங்கள். முதலில் பிரெஞ்சுக்காரர் டாமியான் ஸ்பாக்னோலோ ஓட்டுவதைப் பாருங்கள். உலகத்திலேயே இரண்டாவதாக வந்தவர். பிறகு ஹார்ட்டைப் பாருங்கள்.

நீங்களும் கத்துவீர்கள்.