கைவிட்டதும் பறிபோனதும்

நம்மவர்கள் எழுதும் 'அந்தக் காலம்' கட்டுரைகளையும் கவிதைகளையும் வாசிக்கும்போது எனக்கு ஒரு குறை தெரிகிறது. உரல், திருகை, கைத்தறி எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டுப் புலம்புகிறார்கள். இவை ஒன்றல்ல.

ஆலை வந்ததும் நம்மட உம்மாமார் நெல்லுக் குத்துவதை விட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ் சொல்லித்தான் விட்டார்கள். உலக்கைச் சத்தத்தில் சங்கீதம் கேட்பவர் பெரும்பாலும் உலக்கை பிடிக்காதவர்.

1970–77இல் 'தன்னிறைவு' என்று இறக்குமதியைக் கட்டுப்படுத்தினார்கள். சனம் சோற்றுக்குப் பதிலாக மரவள்ளிக் கிழங்கு தின்றது. ஆசைப்பட்டா தின்றது? அது போனதற்கு நான் கவலைப்படமாட்டேன்.

மருதமுனைத் தறி வேறு கதை. அதே கட்டுப்பாட்டுக் காலத்தில் செழித்த நெசவு, 1977இன் திறந்த பொருளாதாரத்தோடு வந்து குவிந்த வெளிநாட்டுத் துணியால் நொடிந்தது. நெசவாளர்கள் அதை விடவில்லை. அவர்களிடமிருந்து அது பறிபோனது.

இரண்டுக்கும் ஒரே கண்ணீர் வடிக்கும் எழுத்து, பெண்கள் பட்ட பாட்டையும் மறைக்கிறது, நெசவாளரின் இழப்பையும் மறைக்கிறது. அழமுன்னர் எழுத்தாளர் ஒன்றைக் கேட்கட்டும்: விட்டது யார், விரும்பியா விட்டார்?