கப்பலில் ஏறாத வண்ணம்

இங்கிலாந்துப் பாப் குழுவான ஓ.எம்.டி.யின் 'டாஸில் ஷிப்ஸ்' ஆல்பம் 2008இல் மறுவெளியீடு கண்டது. 2023இல், நாற்பதாம் ஆண்டை ஒட்டி, அதுவரை வெளிவராத பதிவுகளோடு மீண்டும் வந்தது. ஒவ்வொரு முறையும் அதோடு ஒரு கதையும் கூடவே வருகிறது: 1983இல் யாருக்கும் புரியாமல் போன மேதைமை, காலத்தை முந்திய படைப்பு, ரேடியோஹெட்டின் 'கிட் ஏ'வுக்குப் பதினேழு ஆண்டு மூத்த முன்னோடி. திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதில் கதையே தீர்ப்பாகிவிட்டது. இன்று இந்த ஆல்பத்தில் குறை காண்பவர் புதுமைக்கு எதிரி என்று பெயர் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தத் தீர்ப்போடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆல்பத்தை முதலில் கேட்ட நாளிலிருந்தே இல்லை.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 'ஆர்க்கிடெக்சர் அண்ட் மொராலிட்டி' (1981) தந்த வெற்றியின் உச்சியில் இருந்தவர்கள், அதையே இன்னொரு முறை செய்துகொடுக்க மறுத்தது துணிச்சல். பீட்டர் சாவில் வடிவமைத்த உறை அந்தக் காலத்தின் மிக அழகான உறைகளில் ஒன்று. 'த ரொமான்ஸ் ஆஃப் த டெலஸ்கோப்' இந்தக் குழுவின் ஆகச் சிறந்த பாடல்களில் சேரும். அதன் மெதுவான நடையும், சின்தசைசரில் எழுந்து அடங்கும் அந்தப் பெருமூச்சும், ஆண்டி மெக்ளஸ்கியின் குரலில் உள்ள களைப்பும் இன்றும் பழசாகவில்லை.

ஆனால் ஆல்பத்தைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பாடலுக்காகக் கொண்டாடுவதில்லை. அவர்கள் சுட்டுவது பாடல்களுக்கு இடையே வரும் ஒலித்தொகுப்புகளை. பன்னிரண்டு தடங்களில் ஐந்து அப்படிப்பட்டவை. 'ரேடியோ ப்ராக்' என்பது செக்கோஸ்லோவாக்கிய வெளிநாட்டு ஒலிபரப்பின் அடையாள இசை. 'டைம் ஜோன்ஸ்' பல நாட்டுத் தொலைபேசிகளில் மணி சொல்லும் குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. 'ஏபிசி ஆட்டோ-இண்டஸ்ட்ரி' எழுத்துகளையும் எண்களையும் ஒப்பிக்கிறது. 'திஸ் இஸ் ஹெலனா'வில் அறிவிப்புக் குரல்கள். தலைப்புத் தடத்தில் கப்பல் சங்கும் சோனார் ஒலியும். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ பத்து நிமிடம்; முழு ஆல்பமே முப்பத்தைந்து நிமிடத்தைத் தாண்டாது.

என் ஆட்சேபம் இந்த ஒலிகளை எடுத்ததில் இல்லை. எடுத்த பிறகு அவற்றை வைத்து எதுவும் செய்யவில்லை என்பதில்தான். 'ரேடியோ ப்ராக்'கின் அந்த இசை ஒரு கம்யூனிஸ்ட் அணிவகுப்புப் பாடலிலிருந்து வந்தது. பனிப்போர் நடுவே, இங்கிலாந்துப் பாப் ஆல்பம் ஒன்றின் வாசலில் அதை வைப்பது பெரிய காரியமாகியிருக்கலாம். வைத்ததோடு சரி. அதன் சுரங்கள் அடுத்த பாடலில் திரும்புவதில்லை, அதன் மிடுக்கை எந்தப் பாடலும் உடைப்பதுமில்லை, ஏற்பதுமில்லை. 'டைம் ஜோன்ஸ்' என்ன சொல்லப்போகிறது என்பது பத்து வினாடியில் தெரிந்துவிடும். மீதி ஒன்றரை நிமிடத்துக்கு மேல் அதுவேதான். சிற்றலை வானொலியின் முள்ளைத் திருகியபடி இரவுகளைக் கழித்தவர்களுக்குத் தெரியும், நிலையங்களுக்கு நடுவே இரண்டு மொழிகள் மோதும்போது எவ்வளவு பெரிய நாடகம் நடக்கும் என்று. அந்த மோதலில் ஒரு துளிகூட இங்கே இல்லை. ஒலிகள் வரிசையில் நிற்கின்றன, முடிகின்றன.

இது 1983இல் யாருக்கும் தெரியாத வித்தையா என்றால், இல்லை. மெக்ளஸ்கி தன் ஆதர்சமாக எப்போதும் சொல்வது கிராஃப்ட்வெர்க்கின் 'ரேடியோ-ஆக்டிவிட்டி'யை. அது 1975. அதன் முதல் தடத்தில் கதிர்வீச்சுமானியின் துடிப்பு மெல்ல வேகம் பிடிக்கிறது. பிடித்த வேகத்திலேயே அடுத்த பாடலின் தாளமாகிவிடுகிறது. ஒலி எங்கே முடிந்தது, இசை எங்கே தொடங்கியது என்று கோடு போட முடியாது. செய்தி வாசிப்பவர்களின் குரல்களை அடுக்கும் தடம்கூட அதிலேயே இருக்கிறது. ஆக, அந்த எண்ணமும் எட்டு வருடம் பழையது. டேவிட் பைர்னும் பிரையன் ஈனோவும் 1981இல் 'மை லைஃப் இன் த புஷ் ஆஃப் கோஸ்ட்ஸ்' ஆல்பத்தில் வானொலிப் போதகர்களின் பேச்சைப் பாடகர் குரலாகவே ஆக்கினார்கள். பேச்சின் ஏற்ற இறக்கத்துக்குத் தாளம் பதில் சொல்கிறது. காலத்தை முந்தியது என்கிறார்களே, எந்தக் காலத்தை?

வெளியே போக வேண்டியதுகூட இல்லை. இதே ஓ.எம்.டி.யின் 'ஆர்கனைசேஷன்' (1980) ஆல்பத்தின் கடைசிப் பாடல் 'ஸ்டான்லோ'. ஸ்டான்லோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை மெக்ளஸ்கியின் தந்தை வேலை பார்த்த இடம். அங்கே ஓடிய டீசல் பம்பைப் பதிவுசெய்து பாடலைத் தொடங்கினார்கள். பம்பின் ஒலி முதலில் தனியே வருகிறது. அதன் சீரான இடிப்பைக் காது பழகிய பின்புதான் இசை எழுகிறது. எழுந்த இசை அந்த ஆலையை ஒரு கோயிலைப் போல வணங்குகிறது. இயந்திர ஒலி அங்கே அலங்காரமல்ல, பாடலின் காரணமே அதுதான். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் மூன்று வருடம் கழித்து ஒலிநாடாக்களை வெட்டி அடுக்கிவைத்ததை நான் முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வேன்? 'ஜெனடிக் எஞ்சினியரிங்' ஒன்றில் மட்டும் பழைய ஓ.எம்.டி. தெரிகிறது. 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' பொம்மையின் இயந்திரக் குரல் அங்கே தாளத்துக்குள் புகுந்து பாடலோடு சண்டை போடுகிறது.

இப்படி வெட்டி அடுக்கிவைத்ததற்கு ஆல்பத்தின் பெயரே எதிர்ச்சாட்சி. முதல் உலகப் போரில் நார்மன் வில்கின்சன் முன்வைத்த 'டாஸில்' என்னும் வண்ணப் பட்டைகள் கப்பலை மறைப்பதற்கல்ல. அது எந்தத் திசையில், எந்த வேகத்தில் போகிறது என்று எதிரியைக் குழப்புவதற்கு. கப்பல்களில் அவற்றைத் தீட்டும் பணியை மேற்பார்வையிட்ட ஓவியர் எட்வர்ட் வாட்ஸ்வொர்த் 1919இல் தீட்டிய படத்திலிருந்துதான் தலைப்பு வந்தது. அந்தப் பட்டைகள் வேலைசெய்தது கப்பலின் உடல்மேலேயே தீட்டப்பட்டதால். முகப்பின் கோடு, புகைபோக்கியின் கோடு எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு போனதால். இந்த ஆல்பத்தில் பாடல்கள் ஒரு பக்கம் பழைய உடலோடு அப்படியே நிற்கின்றன. பட்டைகள் கரையில் சாய்த்துவைத்த பலகைகளில் இருக்கின்றன.

'இண்டர்நேஷனல்' பாடலைப் பற்றி எனக்கு வருத்தம் இன்னும் அதிகம். நிகராகுவாவில் கைகள் வெட்டப்பட்ட ஓர் இளம்பெண்ணைப் பற்றிய வானொலிச் செய்தி பாடலைத் திறக்கிறது. கேட்டதும் உடல் நடுங்கும். நடுங்கிய மனத்தோடு காத்திருக்கிறோம்; பாடல் அவளிடம் திரும்பவே இல்லை. யாருக்கும் பொருந்தும் ஒரு துயரத்துக்குள் நகர்ந்துவிடுகிறது. ஒரு மனுஷியின் வெட்டுண்ட கைகளை எடுத்து வாசலில் வைப்பவருக்கு அவளை உள்ளே அழைத்துப்போகும் கடமை உண்டு. அதைச் செய்யாதபோது இந்த ஒலிச்சேகரிப்பு இசைக் குறையாக மட்டும் நிற்பதில்லை, பொறுப்பின்மையாகிறது.

கைவசம் புதிய பாடல்கள் அதிகம் இல்லை என்பதை 2008 மறுவெளியீடு ஆவணமாகவே காட்டிக்கொடுக்கிறது. கூடுதல் தடங்களில் 'டெலிகிராஃப்' பாடலின் 1981ஆம் ஆண்டுப் பதிவு இருக்கிறது. 'டெலஸ்கோப்' அதே 1981இல் 'ஜோன் ஆஃப் ஆர்க்' சிங்கிளின் மறுபக்கமாக வந்தது. 'ஆஃப் ஆல் த திங்ஸ் வீ'வ் மேட்' அடுத்த ஆண்டு 'மெய்ட் ஆஃப் ஆர்லியன்ஸ்' சிங்கிளோடு வந்தது. 'ரேடியோ வேவ்ஸ்' ஓ.எம்.டி. தொடங்கும் முன்பே மெக்ளஸ்கியும் பால் ஹம்ஃப்ரீஸும் இருந்த 'தி ஐடி' குழுவின் பாட்டு. இவற்றைக் கழித்தால் முழுப் பாடல்கள் மூன்றே மிஞ்சுகின்றன. எழுத வராமல் திணறிய காலம் அது என்பதை அவர்களும் மறைத்ததில்லை. கூடுதல் தடங்களிலேயே 'ஸ்விஸ் ரேடியோ இண்டர்நேஷனல்' என்று இன்னொரு நிலைய ஒலியும் இருக்கிறது. அதை ஆல்பத்தின் தொடக்கத்தில் வைத்து ப்ராக்கைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். எதுவும் மாறாது. எதை எடுத்தாலும், எதைச் சேர்த்தாலும் மாறாத ஒன்றைக் கட்டமைப்பு என்று சொல்வதற்கில்லை.

இருந்தும் இந்தப் புகழ் ஏன்? தோற்றுப்போனதால். ஆல்பம் இங்கிலாந்தில் ஐந்தாம் இடம்வரை போனாலும் விற்பனை முந்தையதில் சிறு பங்குதான். 'ஜெனடிக் எஞ்சினியரிங்' இருபதாம் இடத்திலும், 'டெலிகிராஃப்' 42இலும் நின்றன. அடுத்து வந்த 'ஜங்க் கல்ச்சர்' (1984) வெற்றி பெற்றது. உடனே அதைப் பின்வாங்கல் என்று எழுதிவைத்தார்கள். கூட்டம் கைவிட்டது, ஆகவே உயர்ந்தது என்னும் இந்தக் கணக்கு விமர்சனத்தை மிகச் சோம்பேறியாக்குகிறது. 1983இன் ரசிகர்கள் புதுமைக்கு அஞ்சியவர்கள் என்று நான் நம்பவில்லை. 'மெய்ட் ஆஃப் ஆர்லியன்ஸ்' போன்ற விசித்திரமான பாடலை, அதன் இரைச்சல் முகவுரையோடு சேர்த்து, நாலாம் இடத்துக்குக் கொண்டுபோனவர்கள் அவர்கள்தான். அவர்கள் காது சரியாகவே இருந்தது.

மறுவெளியீட்டை வாங்க நினைப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் 'ஸ்டான்லோ'வைக் கேளுங்கள், அதன்பின் 'டைம் ஜோன்ஸ்' கேளுங்கள். சோதனை என்று எதைச் சொல்வது என்பதை அதன் பிறகு பேசுவோம்.