எழுப்பப்படாத தூணும் எழுதப்பட்ட உரோமும்: டூப்ளே பதேகாபாத் குறித்த வரலாற்றெழுத்து – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே, 1750ஆம் ஆண்டு நாசிர் ஜங் கொல்லப்பட்ட இடத்தில், செஞ்சிக்கு அருகே, தம் பெயரால் ஒரு வெற்றி நகரை நிறுவத் தொடங்கினார். அந்நகரில் அமையவிருந்த தூணைப் பற்றி ராபர்ட் ஓர்மும் மெக்காலேயும் எழுதியவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அவ்வேறுபாட்டை ஆராயும் இக்கட்டுரை, பண்டைய உரோம் செஞ்சிக்கு எவ்வழியில் வந்து சேர்ந்தது என்னும் வினாவுக்கு விடை காண முயல்கிறது.

திறவுச்சொற்கள்: செஞ்சி, உரோம், டூப்ளே, ஓர்ம், மெக்காலே, வெற்றித்தூண், வரலாற்றெழுத்து

முன்னுரை

தமிழகத்திற்கும் உரோமுக்கும் இடையிலான உறவு என்றவுடன் ஆய்வாளர் பார்வை கடற்கரையை நோக்கியே செல்கிறது. அரிக்கமேட்டில் 1945இல் அகழாய்வு நடத்திய மார்ட்டிமர் வீலர், மறு ஆண்டு வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே அவ்வூரை இந்திய-உரோம வணிக நிலையம் என்று குறித்தார். 1989 முதல் 1992 வரை அங்கு மீண்டும் அகழ்ந்த விமலா பெக்லி, உரோமத் தொடர்புக்கு முன்பும் பின்பும் அவ்வூரில் மக்கள் வாழ்ந்ததை எடுத்துக்காட்டி, வீலரின் சட்டகத்தைத் தளர்த்தினார். மதுச்சாடி, மெருகேற்றிய செந்நிற மட்கலம், காசு, சங்கப் பாடல்களில் வரும் யவனர் என இவ்வாய்வின் எல்லைகள் நன்கு வரையப்பட்டுள்ளன.

அரிக்கமேட்டிலிருந்து ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் உள்நாட்டில் இருக்கும் செஞ்சி இவ்வெல்லைக்குள் வருவதில்லை. அங்கு உரோமின் வருகை பதினெட்டாம் நூற்றாண்டில்தான் நிகழ்ந்தது. இலத்தீன் கற்ற ஐரோப்பியரின் நினைவாகவும் நடையாகவும் அது வந்தது. பேரரசு மறைந்து நூற்றாண்டுகள் பல சென்ற பின்னர், அதன் சின்னங்களை எடுத்தாண்டவர்கள் வழியாக வந்த இவ்வருகையும் உரோமின் தாக்கமே. மட்கலத்தைவிட இதன் தடயத்தை அறிவது கடினம். அது மண்ணுக்குள் இல்லாமல் எழுத்துக்குள் கிடக்கிறது.

ஓர்ம் எழுதியதும் மெக்காலே எழுதியதும்

நிகழ்ச்சி சுருக்கமானது. 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுப் படை ஓர் இரவுத் தாக்குதலில் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றியது. அதே ஆண்டு டிசம்பரில், தக்காணத்தின் சுபேதார் நாசிர் ஜங் செஞ்சிக்கு அருகே பாசறையில் இருந்தபோது பிரெஞ்சுப் படை தாக்கியது. அவரைக் கொன்றது பிரெஞ்சுத் துப்பாக்கி அன்று. அவருடைய படையிலேயே இருந்து டூப்ளேயுடன் மறைவாகப் பேசி முடித்திருந்த பட்டாணிய நவாபுகள்தாம் அவரைக் கொன்றனர். அவ்விடத்தில் டூப்ளே தொடங்கிய நகருக்கு இடப்பட்ட பெயர் டூப்ளே பதேகாபாத், அதாவது டூப்ளேயின் வெற்றி நகர். 1752இல், காவேரிப்பாக்கத்தில் வென்று திரும்பிய கிளைவின் படை அதனை இடித்துத் தரைமட்டமாக்கியது.

இந்நிகழ்ச்சியை எழுதியவர்களுள் காலத்தால் நெருங்கியவர் ஓர்ம். அஞ்சுதெங்கில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆட்சிக்குழுவில் இடம்பெற்றவர் அவர். பிரித்தானியப் படைநடவடிக்கைகளைப் பற்றிய அவரது வரலாற்றின் முதல் தொகுதி 1763இல் வெளிவந்தது. டூப்ளேமீது அவருக்குப் பரிவு சிறிதும் இல்லை. இழிந்த ஒரு செயலை நிலைநிறுத்த வீண்பெருமை எழுப்பிய ஊர் என்றே பதேகாபாத்தைக் கருதுகிறார். ஆயினும் தூணைப் பற்றிச் சொல்லும்போது அவர் எழுத்து எச்சரிக்கை கொள்கிறது. பிரெஞ்சு, மலபார், பாரசீகம், இந்துஸ்தானி ஆகிய மொழிகளில் ஆரவாரமான வாசகங்களுடன் ஒரு தூண் தயாராகி வந்ததாகச் சொல்லப்பட்டது என்றும், ஊரின் நடுவில் அதை நிறுத்தும் எண்ணம் இருந்தது என்றும், வெற்றிச் சின்னங்கள் பொறித்த காசுகள் அங்கு முன்னரே புதைக்கப்பட்டிருந்தன என்றும் எழுதுகிறார். தூண் நிறுத்தப்பட்டதாக அவர் கூறவில்லை. காசுகள் முடிந்த செயல். தூண் கேள்விச் செய்தி.

எழுபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1840இல், மெக்காலே கிளைவைப் பற்றி எழுதிய கட்டுரையில் நிலைமை மாறிவிடுகிறது. தூணுக்கு நான்கு பக்கங்கள் வந்துவிடுகின்றன. பக்கத்துக்கு ஒரு மொழியாக நான்கு வாசகங்கள் கீழ்த்திசை நாடுகள் அனைத்துக்கும் டூப்ளேயின் புகழை அறிவிக்க வேண்டும். காசுகள் பதக்கங்களாகித் தூணின் அடித்தளத்துக்குக் கீழே இடம்பெயர்கின்றன. தூணைச் சூழ்ந்து நகரம் எழுகிறது. இறுதியில் கிளைவ் வந்து, நகரையும் கம்பீரமான நினைவுச்சின்னத்தையும் ஒருசேர இடிக்கிறார்.

ஓர்முக்குப் பின் புதிய சான்று எதையேனும் மெக்காலே கண்டாரா என்றால், அவ்வாறு எதையும் அவர் சுட்டவில்லை. மாற்றத்துக்குக் காரணம் வேறிடத்தில் உள்ளது. இந்தியாவில் பணியாற்றிய 1834-38 ஆண்டுகளிலேயே அவர் பண்டைய உரோமைப் பற்றிய கதைப்பாடல்களை இயற்றத் தொடங்கியிருந்தார். அவை 1842இல் நூலாயின. கிளைவ் கட்டுரை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. உரோம வரலாற்றில் தோய்ந்த அம்மனத்துக்கு வெற்றியாளன் என்றால் தூண் வேண்டும். அவனை வென்றவன் என்றால் அத்தூண் விழவேண்டும். கி.பி. 113இல் டிராஜன் பெயரால் உரோமில் எழுந்த தூண் ஐரோப்பாவின் கற்பனையில் வெற்றிக்கே வடிவமாகிவிட்டது. 1810இல் நெப்போலியன் பாரிசில் நிறைவேற்றிய வாந்தோம் தூண் அதை அப்படியே பின்பற்றியது. செஞ்சி வெளியில் வெறும் அடித்தளமும் அரைகுறைக் குடியிருப்பும் இடிந்தன என்று எழுதினால் மெக்காலேயின் காட்சி நிறைவு பெற்றிருக்காது.

இடித்தலுக்கு அவர் கற்பிக்கும் நியாயமும் உற்று நோக்கத்தக்கது. பகைமையால் கிளைவ் அதைச் செய்யவில்லை என்றும், டூப்ளே இந்திய மக்களின் மனத்தை ஒரு மாயத்தால் கட்டிவைத்திருந்தார், அதை வெளிப்படையாக உடைப்பதே ஆழ்ந்த அரசியல் என்றும் வாதிடுகிறார். பகைவரின் பெயரைக் கல்லிலிருந்து நீக்குவதும் ஆட்சித்தொழிலே என்பது உரோமர் அறிந்தது. செப்டிமியசு செவெரசின் வெற்றி வளைவில் அவருடைய இளைய மகனின் பெயர், அவன் தமையனால் கொல்லப்பட்டபின், செதுக்கி அழிக்கப்பட்டது. அழித்த தடம் இன்றும் தெரிகிறது. கிளைவின் செயலை மெக்காலே இவ்வகை அரசியலின் தரத்துக்கு உயர்த்துகிறார். அவ்வுயர்வுக்கு நடுவே மாயத்தில் கட்டுண்டவர்களாகச் செஞ்சி வட்டார மக்கள் நிற்கிறார்கள். அவர்கள் எதை நம்பினார்கள் என்று சொல்ல அவரிடம் ஒரு சான்றும் இல்லை.

பெயர் முகலாயம், காசு உரோமம்

இனி டூப்ளேயின் திட்டத்தையே உரோமத்தன்மை உடையது எனலாமா? இங்கு அவசரம் கூடாது. பதேகாபாத் பாரசீகப் பெயர். செஞ்சியோ வெற்றியாளர் பெயரிட்டுப் பழகிய ஊர். எட்டு ஆண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் கோட்டையைப் பிடித்த முகலாயத் தளபதி சுல்பிகர் கானுக்கு நுஸ்ரத் ஜங் என்ற பட்டம் உண்டு. அதன் வழியே கோட்டை நுஸ்ரத்கட் ஆயிற்று. ஐம்பத்திரண்டு ஆண்டு கழித்து டூப்ளே செய்தது இவ்வழக்கத்தின் தொடர்ச்சியாகவே வட்டார மக்களுக்குத் தோன்றியிருக்கும். முகலாயர் பாணியில் பட்டமும் மரியாதை உடையும் ஏற்று நவாபாக விளங்க விரும்பியவர் அவர்.

வெற்றித்தூணும் இந்நாட்டுக்குப் புதிதன்று. கங்கைப் படையெடுப்புக்குப் பின் முதலாம் இராசேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீர்மயமான வெற்றித்தூண் என்று சுட்டுகிறது. கல்லில் நிற்க வேண்டியது பாசன நீராய் நிற்கும் இக்கற்பனைக்கு ஈடு உரோமில் காண்பது அரிது. பன்மொழி வாசகமும் அவ்வாறே. அகஸ்டசின் சாதனைகளை அங்காராவில் இலத்தீனிலும் கிரேக்கத்திலும் பொறித்தது உரோம வழக்கம் என்றால், சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்றிலும் அமைந்த காலி நகரக் கல்வெட்டு பதினைந்தாம் நூற்றாண்டிலேயே இலங்கையில் நடப்பட்டுவிட்டது.

எனவே பெயரையும் தூணையும் மொழிகளையும் உரோமுக்கு மட்டும் உரிமையாக்க இயலாது. எஞ்சுவது காசு. புதைத்துவிட்டால் எவர் கண்ணிலும் படாத காசை எதற்காக வெற்றிச் சின்னங்களுடன் அடிக்க வேண்டும்? இதற்கு விடை செஞ்சியில் இல்லை, பாரிசில் உள்ளது. பதினான்காம் லூயியின் புகழுக்காகப் பதக்கங்களுக்கும் நினைவுச்சின்னங்களுக்கும் இலத்தீன் வாசகங்கள் வகுக்கவே கொல்பேர் 1663இல் ஒரு கல்விக்கழகத்தைத் தோற்றுவித்தார். அம்மன்னரின் ஆட்சி நிகழ்ச்சிகளைப் பதக்க வரிசையாகவே சொல்லும் நூல் 1702இல் வெளிவந்தது. உரோமப் பேரரசர்கள் ஒவ்வொரு வெற்றிக்கும் காசு அடித்ததைப் பார்த்து அமைந்த முறை இது. அடிக்கல்லின் கீழ்ப் பதக்கம் இடுவதும் அன்றைய பிரெஞ்சு வழக்கம். அது நிகழ்கால மக்களுக்காகச் செய்யப்படுவது அன்று. நகரம் அழிந்தபின் தோண்டிப் பார்க்கப்போகும் ஒருவனுக்காகச் செய்யப்படுவது. உரோமின் இடிபாடுகளிலிருந்து காசு பொறுக்கி வரலாறு எழுதிய சமூகம், தன் இடிபாட்டையும் முன்கூட்டியே எண்ணிக் காசு புதைத்தது. தூணைக் காட்டிலும் இதுவே ஆழ்ந்த உரோமத் தாக்கம். மெக்காலேயின் நடையழகில் அது ஓர் அலங்காரமாகச் சுருங்கிவிட்டது.

ஓர்மின் மொழிப்பட்டியலில் வரும் மலபார், அக்கால ஐரோப்பிய வழக்கில் தமிழைக் குறிக்கும். டூப்ளேயின் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, தமிழ் ஆண்டும் மாதமும் தேதியும் இட்டு நாட்குறிப்பு எழுதிவந்த காலம் அது. அவர் எழுத்தில் வெற்றி என்பது பரிசு, பட்டம், பீரங்கி மரியாதை என அரசவை நடைமுறைகளாகவே பதிவு பெறுகிறது. செஞ்சித் தூணின் ஒரு பக்கம் தமிழில் அமைந்திருக்கும் என்னும் செய்தியை மெக்காலே நான்கு மொழிகள் என்ற தொகைக்குள் கரைத்துவிட்டார். மொழிகளின் பெயர்கள் அவருடைய வாசகர்க்குத் தேவைப்படவில்லை.

செஞ்சியின் மற்றொரு நினைவு முறையையும் இவ்விடத்தில் எண்ண வேண்டும். 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்து மாண்ட தேஜ் சிங், தமிழ்க் கதைப்பாடலில் தேசிங்குராசன் ஆனார். அவருடன் உடன்கட்டை ஏறிய அரசியின் நினைவாக இராணிப்பேட்டைக்கு அப்பெயரை வென்ற நவாபே இட்டார் என்பது வழங்கிவரும் செய்தி. வென்றவன் தோற்றவன் மனைவியின் பெயரை ஊருக்கு இட்டதாக இம்மரபு சொல்ல விரும்புகிறது என்பதே இங்குக் கருதத்தக்கது. பதேகாபாத்தைப் பற்றி இப்படி ஒரு பாட்டும் எழவில்லை.

கிழக்கின் டிராய்

ஆங்கிலேயர் செஞ்சிக்குச் சூட்டிய கிழக்கின் டிராய் என்ற அடைமொழி சுற்றுலாக் கையேடுகளில் பெருமையுடன் வழங்குகிறது. டிராய் கிரேக்கர் பாடிய நகரம். ஆனால் ஆங்கிலப் பள்ளி மாணவன் அதன் வீழ்ச்சியை வர்ஜிலின் இலத்தீன் காவியம் வழியாகவே முதலில் படித்தான். அக்காவியத்தில் டிராய் எரிவது உரோம் தோன்றுவதற்காக. அவ்வடைமொழியை ஏற்பவர், செஞ்சி விழுந்தது எந்த உரோம் எழுவதற்காக என்ற வினாவையும் உடன் ஏற்கிறார். 1761இல் கோட்டை ஆங்கிலேயர் வசமானது. அதன் பின்னர் அரசியலில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. புகழ்மொழி அவ்விழப்பின் மேல் அமர்ந்திருக்கிறது.

புதுச்சேரிக்குச் சென்ற தூண்கள்

எழுப்பப்படாத தூணைப் பற்றி இவ்வளவு எழுதப்பட்டிருக்க, உண்மையில் இடம்பெயர்ந்த தூண்கள் கவனம் பெறவில்லை. செஞ்சிக் கீழ்க்கோட்டையில் உள்ள வேங்கடரமணர் கோயில் நாயக்கர் காலப் பெருங்கட்டுமானம். அதன் தூண்களைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கொண்டுசென்றனர். 1870இல் அங்கு டூப்ளேக்குச் சிலை நிறுவப்பட்டபோது செஞ்சிக் கற்கள் அதற்கு அணியாயின. எகிப்தின் கல்தூண்களைக் கொணர்ந்து உரோமில் நட்ட அகஸ்டசும், முன்னோர் சின்னங்களின் சிற்பங்களைத் தம் வளைவில் பதித்த கான்ஸ்டன்டைனும் செய்தது இதுவே. வெற்றித்தூண் கனவு பதேகாபாத்தில் முடியவில்லை. பிறர் செதுக்கிய கற்களைக் கொண்டு நூற்றிருபது ஆண்டுகள் கழித்துக் கடற்கரையில் அரைகுறையாக நிறைவேறியது.

இன்று அத்தூண்களில் எட்டு, காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கின்றன. எத்தனை தூண்கள் செஞ்சியிலிருந்து சென்றன, கோயிலின் எம்மண்டபத்துக்கு உரியவை என்பனவற்றை, எஞ்சிய தூண்களின் அளவோடும் சிற்ப அமைப்போடும் ஒப்பிட்டு வரையறுப்பதே முதலில் செய்ய வேண்டிய பணி. அதற்கு மெக்காலேயின் துணை தேவையில்லை. அளவுநாடாவும் கோயிலின் தரைப்படமும் போதும்.