நிலமும் பொழுதும் உரிப்பொருளும்
தீவகப் புகைப்படங்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

கவிதை, நாவல், நாடகம் ஆகியவற்றை மதிப்பிடுவதற்குத் தமிழ் விமர்சனம் தக்க அளவுகோல்களை வகுத்துக்கொண்டுள்ளது. ஆனால், நாள்தோறும் பெருகிவரும் புகைப்படங்களை அது 'அழகு' என்னும் ஒரு சொல்லோடு கடந்துவிடுகின்றது. கூலிக்காகவன்றி விருப்பினால், தம் வீட்டை அண்டிய வயலையும் வெளியையும் கடலையும் படமெடுப்போர் இன்று யாழ்ப்பாணத்திற் பலர். அவர்தம் கமராவும் கைத்தொலைபேசியும் பெரிதும் நாடும் களம் தீவகமாகும். ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களின் படங்கள் இன்று பார்க்கக் கிடைப்பதுபோல் முன்னொருபோதும் கிடைத்ததில்லை. எனவே, அவற்றை ஒரு தொகுதியாக நோக்கி, அவை எதனைக் காட்டுகின்றன, எதனைக் காட்டத் தவறுகின்றன என வினவுதல் பொருத்தமுடையதாகும்.

இப்படங்களுட் பலவற்றை ஒருங்கே நோக்குவோர்க்கு முதலிற் புலப்படுவது ஒருமைப்பாடு ஆகும். நெடுந்தீவென்றால் கட்டாக்காலிக் குதிரைகள், பெருக்கமரம், சாந்தின்றி அடுக்கப்பட்ட முருகைக்கல் வேலி, இடிந்த ஒல்லாந்தர் கோட்டை. நயினாதீவென்றால் படகிலிருந்து தெரியும் நாகபூசணி அம்மன் கோபுரம். ஊர்காவற்றுறையென்றால் நீர்நடுவே நிற்கும் கடற்கோட்டை. எங்கும் பனைவரிசையின் பின்னே இறங்கும் செஞ்ஞாயிறு. எடுத்தவர் பெயரை மாற்றி இட்டாலும் வேறுபாடு தோன்றாது. கைத்திறன் குறைந்த படங்கள் அல்ல இவை. ஒளியமைவும் சட்டக அமைதியும் பலவற்றிற் செம்மையாகவே உள்ளன. குறை வேறிடத்தில் உள்ளது.

அக்குறையை இனங்காண்பதற்குத் திணைக்கோட்பாடு துணைபுரியும். நிலமும் பொழுதும் முதற்பொருள்; புள்ளும் விலங்கும் மரமும் தொழிலும் கருப்பொருள்; மாந்தர்தம் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். இம்மூன்றுள் உரிப்பொருளே சிறந்தது என்பது இலக்கண மரபின் முடிபு. சங்கப் பாடல்களில் இயற்கை, தன்பொருட்டு வருணிக்கப்படுவதினும் மாந்தர் வாழ்வின் பின்புலமாகவே பெரிதும் அமைகின்றது. இவ்வுண்மையை ஆங்கிலவழி உலகறியச் செய்தவருள் முதன்மையானவர் தனிநாயகம் அடிகள். அவர் 1913இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனிற் பிறந்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. நிலத்தை எவ்வாறு நோக்குதல் வேண்டும் என்பதை எடுத்துரைத்த அறிஞரைத் தந்த மண்ணே இன்று உரிப்பொருளின்றிப் படமாக்கப்படுகின்றது.

நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. அதனைச் சூரியன் சாயும் வேளை எனப் பலர் கொள்வர். மாலைச் சூரியனைத் தேடிக் கடற்கரைக்குச் செல்லும் புகைப்படக்காரர், தம்மை அறியாமலே தொல்காப்பியர் விதியைப் பின்பற்றுகிறார் எனலாம். ஆயின், நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். கடலுக்குச் சென்றவர் மீளும்வரை கரையில் நிற்போரின் மனநிலை அது. செவ்வானம் படத்தில் உண்டு. அவ்வானத்தை நோக்கி எவர் எதற்காக நின்றார் என்பது அங்கு இல்லை. பொழுது வெறும் நிறமாகக் குறைந்துவிடுகின்றது.

பொழுது பற்றிய இக்குறைக்கு நடைமுறைக் காரணமும் உண்டு. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்லப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். காலையிற் சென்று மாலைக்குள் மீள்பவர் காண்பது நண்பகல் நெடுந்தீவை மட்டுமே. அவர் எடுக்கும் குதிரைப் படத்திற் பசும்புல்லோ வெண்மணலோ தெரியும். கடும் வரட்சியில் நீர்தேடி அலைந்து அக்குதிரைகள் மடிவதுண்டு என்பது தெரியாது. தீவகத்தில் வாழ்பவரது ஆண்டோ சோளகத்தாலும் வாடையாலும் வகுக்கப்படுவது. காற்று மாறக் கடலும், கடல் மாறத் தொழிலும், தொழில் மாற அடுப்பும் மாறும். செங்கை ஆழியான் நெடுந்தீவைக் களமாக்கிய தம் நாவலுக்கு, 1978இல் திரைப்படமாகவும் வந்த அந்நாவலுக்கு, 'வாடைக்காற்று' எனப் பெயரிட்டமை தற்செயலன்று. வீட்டருகே படமெடுக்கும் ஆர்வலரின் உண்மையான பலம் இங்கேதான் உள்ளது. விலையுயர்ந்த கருவி அவரிடம் இல்லாதிருக்கலாம்; ஆனால் ஒரே வேலியை ஆறு பெரும்பொழுதிலும் காணும் வாய்ப்பு அவருக்கு மட்டுமே உரியது. அவ்வாய்ப்பைக் கைவிட்டு, ஒருநாட் பயணியின் படத்தையே அவரும் எடுப்பதுதான் வியப்புக்குரியது.

உரிப்பொருளின்மை இரு காட்சிகளில் மிகத் தெளிவாகப் புலப்படும். முதலாவது படகு. நீலக்கடலிற் செல்லும் பயணிகள் படகு, தீவகப் படங்களில் மீண்டும் மீண்டும் வருவது. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து சென்ற குமுதினிப் படகிற் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அப்படகு பிற்காலத்திலும் அதே கடலில் மக்களை ஏற்றிச் சென்றது. நெடுந்தீவாருக்குக் குமுதினி ஒரு படகின் பெயர் மட்டுமன்று. அதனை வெறும் நீலத்தின் மேல் ஒரு வெண்புள்ளியாகக் காட்டும் படம் பொய் சொல்லவில்லை. ஆயினும் அறிந்த ஒன்றைச் சொல்லாது விடுகின்றது.

இரண்டாவது, பாழடைந்த வீடு. 1990ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும் தீவக மக்களுட் பெரும்பகுதியினர் இடம்பெயர்ந்தனர், பலர் மீளவில்லை. கூரையற்ற நாற்சார் வீடும், சுவரைப் பிளந்த ஆலம் வேரும், புல் மூடிய முற்றமும் இன்று புகைப்படக்காரருக்கு உவப்பான பொருள்களாகிவிட்டன. இடிபாட்டின் மேல் விழும் ஒளி உண்மையிலேயே அழகியது. ஆனால், காலத்தால் இடிந்த கோட்டையும் போரால் வெறிதான வீடும் ஒரே ஒளியில், ஒரே பாவனையில் எடுக்கப்படும்போது, இழப்பு பழமையாக மாற்றப்படுகின்றது. கோட்டைக்கு இன்று உரியவர் எவருமிலர். வீட்டுக்கு உரியவர் எங்கோ உயிருடன் இருக்கக்கூடும். புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் 'காற்றுவெளிக் கிராமம்' தொகுதியில் இதே வெறுமையைப் பாடியவர். அவர் கவிதையில் வெறுமை என்பது சென்றவரின் இன்மை. படங்களில் அது வெறும் இடத்தின் அமைதி. ஒரே பொருளைத் தொட்ட இரு கலைகளுக்கிடையேயான இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது.

கிணற்றின் படமும் இவ்வாறே. நன்னீர் அரிதான தீவகத்திற் கிணறு வெறும் கிராமியச் சின்னமாக இருந்ததில்லை. எவர் அள்ளலாம், எவர் அள்ளக் காத்துநிற்க வேண்டும் என்பதைச் சாதி வகுத்த காலம் உண்டு. புங்குடுதீவில் அதனை எதிர்த்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நன்னீர் உரிமைக்காகப் போராடிய எழுத்தாளர் மு. தளையசிங்கம் பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளானார், 1973இல் மறைந்தார். துலாவும் பனையோலைப் பட்டையும் 'அன்றைய இனிய வாழ்வு' என்னும் ஏக்கத்தோடு படமாக்கப்படும்போது, அன்றைய வாழ்வு எவருக்கு இனியது என்னும் வினா அமுங்கிப்போகின்றது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். புகைப்படம் கவிதையன்று, கண்முன் உள்ளதை மட்டுமே அது பதியும், கிணற்றைக் காட்டும் ஒவ்வொரு படமும் சாதி வரலாற்றைச் சொல்ல வேண்டுமெனக் கேட்பது முறையா? மேலும், போராலன்றி வேறெதனாலும் அறியப்படாத மண்ணின் அழகைக் காட்டுவதும் ஒரு மீட்பல்லவா? இம்மறுப்பில் நியாயம் உண்டு. நெடுந்துயர் கண்ட மக்கள் தம் கடலை மீண்டும் அழகெனக் காணத் துணிவது சிறிய காரியமன்று. ஆயினும், அழகும் உரிப்பொருளும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இலங்கைப் புகைப்படக்கலையின் முன்னோடி லயனல் வென்ட் (1900–1944) சட்டமும் பியானோவும் பயின்றவர். விருப்பினாற் கமராவை ஏந்தியவர். அவர் மறைவின் பின் 1950இல் வெளிவந்த தொகுதியில் நிலக்காட்சியும் மனித உடலும் உழைப்பும் ஒன்றிணைந்து நிற்கின்றன. காட்சியில் மனிதருக்கு இடமளிப்பது அழகைக் குறைக்காது என்பதற்கு அவர் சான்று.

மனிதரைச் சட்டகத்துள் நிறுத்துவது மட்டும் போதுமா? ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். இங்கிலாந்தில் அவர் எடுத்த புகழாளர் படங்கள் பெயரோடு வழங்குகின்றன. இலங்கையில் எடுத்த உழைப்பாளர் படங்களில் இருப்போர் பெரும்பாலும் பெயரற்றவர். முகம் உண்டு, ஆள் இல்லை. தீவகப் படங்களில் வலை இழுப்போரும் ஒடியல் காயவிடும் மூதாட்டியும் இன்றும் அவ்வாறே பெயரின்றி நிற்கின்றனர். அயலான் செய்தால் அதனை அந்நியப் பார்வை எனலாம். அயலூரவன் செய்தால் என்னென்பது?

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. பின்வந்த இடப்பெயர்வுகளிற் குடும்ப அல்பங்கள் எண்ணற்றவை அழிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணமுயற்சி, நூல்களோடு புகைப்படங்களையும் பேணிவருகின்றது. இத்தகைய சூழலில் ஒவ்வொரு படமும் ஓர் ஆவணமாகும் தகுதியுடையது. ஆனால் ஊர், நாள், ஆள், தொழில் ஆகியவை குறிக்கப்படாத படம் எத்துணை அழகியதாயினும் ஆவணமாகாது. செவ்வானம் எந்தக் கடலிலும் உண்டு. மாவிலித்துறையில், இன்ன நாளில், வாடை தொடங்கியபின் கரையேற்றப்பட்ட இன்னாரின் வள்ளம் ஒருமுறையே உண்டு.

தீவகப் புகைப்படக்காரர் புதிய கருவி எதனையும் தேடவேண்டியதில்லை. முதலும் கருவும் ஏற்கெனவே அவர் கையில் உள்ளன. உரிப்பொருள் அடுத்த வீட்டு முற்றத்தில் இருக்கின்றது. கமராவை உயர்த்துமுன் அவ்வீட்டாரிடம் ஒரு சொல் பேசுவதே அதற்கு வழி.