யாருடைய ஹார்மோன்?

திண்டிவனம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, என்னிடம் முதுகலை படித்த பெண் விழுப்புரத்துக்கு என்னைப் பார்க்க வந்திருந்தாள். மடியில் நான்கு மாதக் குழந்தை. பையனுக்கு ஒரு பக்கத்து விதை கீழே இறங்கவில்லை. ஆறு மாதம் வரை பார்ப்போம், இறங்காவிட்டால் அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்று டாக்டர் தைரியம் சொல்லியிருக்கிறார். அவளை அழவைத்தது மாமியார் சொன்னது: "உனக்குப் பொம்பள ஹார்மோன் ஜாஸ்தி. வயித்துலயே பையனக் கெடுத்துட்ட."

"நெசமா மேடம்?" என்று கேட்டாள்.

நான் தமிழ் படித்தவள், மருத்துவம் அல்ல. ஆனால் 'பொம்பள ஹார்மோன்' என்பது ஒரு சொல். சொல்லை விசாரிப்பது என் வேலை.

ஈஸ்ட்ரோஜனைப் 'பெண் ஹார்மோன்' என்றுதான் நாமெல்லாம் மனப்பாடம் செய்தோம். அந்தப் பெயர் ஆரம்பத்திலேயே பொருந்தவில்லை. 1934இல் பெர்ன்ஹார்ட் சோன்டெக் என்ற விஞ்ஞானி ஆண் குதிரையின் சிறுநீரில் அது ஏராளமாக இருப்பதைக் கண்டார். ஆண்மைக்கு உவமையாக நாம் இழுத்துவரும் அதே குதிரைதான்! உண்மை தெரிந்த பிறகும் பெயர் மாறவில்லை. பெயர்சூட்டலின் இந்த வரலாற்றை நெல்லி அவுட்ஷோர்ன் 1994இல் ஒரு நூலாகவே எழுதினார்.

விந்தகமும் ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கிறது. அதை ஏற்கும் புரதம் இல்லாத ஆண் எலிகளை ஆய்வகத்தில் உருவாக்கிப் பார்த்தார்கள். விந்தகத்திலிருந்து விந்தணுக்களை வெளியே கொண்டுபோகும் நுண்குழாய்கள் நீரை உறிஞ்சும் திறனை இழந்தன. விந்து நீர்த்துப்போய், எலிகள் மலடாயின. 1997இல் வெளியான முடிவு இது. 'பெண் ஹார்மோன்' வேலை செய்யாததால் ஆண் மலடான கதையை எந்த மாமியாருக்கும் யாரும் சொல்லவில்லை.

கர்ப்ப காலத்தில் எல்லாப் பெண்களின் இரத்தத்திலும் ஈஸ்ட்ரோஜன் பல மடங்கு ஏறுகிறது. அதில் பெரும்பகுதியைத் தயாரிப்பது நஞ்சுக்கொடி. மூலப்பொருளில் ஒரு பங்கைத் தருவது கருவின் சொந்த அட்ரீனல் சுரப்பி, அது ஆண் கருவானாலும். பிறந்த ஆண்பிள்ளைகள் எல்லோரும் இந்த வெள்ளத்தில் மிதந்து வந்தவர்கள்தாம், மாமியார் பெற்ற மகன் உட்பட.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? உண்டு. கருவின் விந்தகம் வயிற்றுக்குள் உருவாகி, பிறகு விதைப்பைக்கு இறங்குகிறது. அதன் முதல் கட்டத்துக்கு லேடிக் செல்கள் சுரக்கும் ஒரு ஹார்மோன் வேண்டும். செயற்கை ஈஸ்ட்ரோஜனான டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ராலைச் சினை எலிகளுக்குக் கொடுத்தபோது, குட்டிகளில் அந்தச் சுரப்பு அடங்கியது, விந்தகம் இறங்கவில்லை. அதே மருந்தைத்தான் அமெரிக்காவில் கருச்சிதைவைத் தடுக்குமென்று கர்ப்பிணிகளுக்குப் பல்லாண்டுகள் கொடுத்தார்கள். பயனில்லை என்று 1953லேயே ஆய்வு சொன்னது. 1971இல், மகள்களுக்கு அரிய வகைப் புற்றுநோய் வந்த பிறகுதான் எச்சரிக்கை வந்தது. மகன்கள் சிலருக்கு விந்தகம் இறங்காத குறையும் விந்தக மேல்நாளத்தில் (எபிடிடிமிஸ்) நீர்க்கட்டிகளும் இருந்தன. அந்தத் தாய்கள் வாங்கிய மாத்திரையை எழுதிக்கொடுத்தவர் டாக்டர்.

நமக்குப் பக்கத்தில் காசர்கோடு. முந்திரித் தோட்டங்கள்மீது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். மலையடிவாரக் கிராமத்துப் பையன்கள் 117 பேரையும், தெளிப்பில்லாத இடத்துப் பையன்கள் 90 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 2003இல் வெளிவந்தது. பருவமடைவது தள்ளிப்போயிருந்தது. விந்தகம் இறங்குவதோடு தொடர்புடைய பிறவிக்குறை அங்கே 5.1 சதவீதம், இங்கே 1.1. ஆனால் அந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவில்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011இல் தடுத்தது.

இத்தகைய ஆய்வுகளைச் செய்தியாக்கும்போது 'ஆண்கள் பெண்ணாகிறார்கள்' என்று தலைப்பு வைக்கிறார்கள். நஞ்சு என்றால் எவன் ஊற்றினான் என்று கேட்க வேண்டியிருக்கும். பெண்மை என்று சொல்லிவிட்டால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிடுகிறாள். தொல்காப்பியரே பேடியை ஆண்மையிலிருந்து திரிந்த நிலையாகத்தான் பார்த்தார். நேரான நிலை ஆண்மை, மற்றதெல்லாம் திரிபு. சித்திரையில் கூவாகத்துக்குப் போகும் திருநங்கையரால் விழுப்புரம் நிறையும்போது, டீக்கடையில் 'ஹார்மோன் கோளாறு' என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள்! ஒருவர் தன்னை யாரென உணர்வதை ஒரு சுரப்பின் அளவால் அளந்துவிட முடியாது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இவ்வளவையும் அவளிடம் என் பாஷையில் சொன்னேன். இறங்காத விதைக்குப் பெரும்பாலும் இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது, மாசத்துக்கு முன்னே பிறப்பது, எடை குறைவாகப் பிறப்பது இவற்றோடு அதிகம் காணப்படுகிறது என்றேன். மல்லாட்டைக்கு என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்றும் கேட்டேன். அதுதான் காரணம் என்பதற்காக அல்ல, அந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதற்காக.

"எங்க மாமனார்தான் மேடம் அடிப்பாரு. டப்பா பேரெல்லாம் நான் பாத்ததில்ல."

அடுத்த மாதம் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போ, டாக்டரிடம் அவங்களே கேட்கட்டும் என்றேன்.