லேசர் கதிரும் காற்றின் கொந்தளிப்பும்

காற்றாலை இறக்கைகளின் ஆயுளைக் காற்றின் சராசரி வேகம் மட்டும் முடிவு செய்வதில்லை; அந்த வேகம் நொடிக்கு நொடி ஏறியிறங்கும் கொந்தளிப்பும் முடிவு செய்கிறது. பத்து நிமிடங்களில் பதிவாகும் வேகங்களின் திட்ட விலக்கத்தை அவற்றின் சராசரியால் வகுத்தால் கிடைக்கும் கொந்தளிப்புச் செறிவைக் கொண்டே ஓரிடத்துக்கு எவ்வகை இயந்திரம் பொருந்தும் என்று கணிக்கப்படுகிறது. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம் கணவாய்களின் வழியே சமவெளியில் பாயும் காற்றை நம்பியிருக்கும் தென்தமிழ்நாட்டுக்கு இந்த எண் மிக முக்கியமானது.

உயர்ந்த கோபுரத்தில் சுழலும் கிண்ண அளவிகள் செய்துவந்த இப்பணியை இன்று லைடார் எனப்படும் லேசர் கருவியும் ஏற்றுள்ளது. அது அனுப்பும் அகச்சிவப்புக் கதிர் காற்றில் மிதக்கும் நுண்துகள்களில் பட்டுத் திரும்புகையில், டாப்ளர் விளைவால் அதிர்வெண் மாறுவதைக் கொண்டு வேகம் கணக்கிடப்படுகிறது. கோபுரம் எழுப்பாமலே 200 மீட்டர் உயரம்வரை அளக்கலாம் என்பது இதன் பெரும் வலிமை. 2017 நவம்பரில் பள்ளிக்கரணையிலுள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் காம்பத் வளைகுடாவில் கடல்மேடை ஒன்றின்மீது லைடாரை நிறுவியதற்கும் இதுவே காரணம்.

ஆயினும் சராசரி வேகத்தில் கிட்டும் துல்லியம் கொந்தளிப்பில் கிட்டுவதில்லை. பரவலாகப் பயன்படும் துடிப்பு லைடார், செங்குத்திலிருந்து 28 பாகை சாய்ந்த கதிர்களை நான்கு திசைகளில் அனுப்பி, அவை தரும் வேகங்களை ஒரே காற்றின் வேகமாகக் கருதி இணைக்கிறது. கருவிக்கு மேலே 100 மீட்டர் உயரத்தில் எதிரெதிர்க் கதிர்கள் ஏறத்தாழ 106 மீட்டர் விலகியிருக்கும். மதுரைச் சிம்மக்கல்லில் ஒரு மாடியில் இக்கருவியை வைத்தால், ஒரு கதிர் வைகையின் திறந்த பரப்பை நோக்கியும் எதிர்க்கதிர் நெருங்கிய கட்டடங்களின் மேலும் சாயக்கூடும். இரண்டும் ஒரே காற்றைத் தொடுவதாகக் கொள்வது அங்கே பொருந்தாது.

மேலும், ஒவ்வொரு கதிரும் ஏறத்தாழ 20 மீட்டர் நீளக் காற்றைச் சராசரியாக்குவதால் சிறு சுழல்கள் மறைகின்றன. மறுபுறம், வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் செங்குத்து அலைவு கிடைமட்ட அலைவாகவும் கணக்கில் ஏறிவிடுகிறது. முதற்பிழை எண்ணைக் குறைக்க, இரண்டாம்பிழை கூட்டுகிறது. இவை ஒன்றையொன்று ஈடுசெய்து கிண்ண அளவியோடு ஒத்துப்போகும்போது கருவி சரியாக அளந்ததான மயக்கம் பிறக்கிறது; அமைதியான இரவில் குறைவாகவும் கொதிக்கும் நண்பகலில் மிகையாகவும் வரும் எண்கள் ஆண்டுச் சராசரிக்குள் ஒளிந்துகொள்கின்றன.

ஐந்து சாய்கதிர்களோடு ஒரு செங்குத்துக் கதிரையும் சேர்க்கும் ஆறுகதிர் முறை, கதிர்களைக் கலப்பதால் வரும் பிழையைக் களைய முயல்கிறது. சிறு சுழல்கள் மறையும் குறை அதிலும் முற்றிலும் நீங்குவதில்லை. எனவே லைடாரை ஒதுக்குவது தவறு; அதன் கொந்தளிப்பு எண்ணைச் சரிபார்க்காமல் ஏற்பது அதனினும் பெருந்தவறு. கணவாய்க் காற்றும் கடும்வெயிலும் சேர்ந்த இந்நிலத்தில், கோபுர அளவியை அருகில் நிறுத்திப் பகலையும் இரவையும் பருவங்களையும் தனித்தனியே ஒப்பிட்ட பின்னரே அந்த எண்ணைக் கொண்டு இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.