நூலகவியல் ஆய்வும் நூலகப் பணியும்: மைசூருவை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழாய்வின் முதற்களம் நூலகமாகும். ஓர் ஆய்வாளர் தம் பொருளில் முன்னோர் செய்தன எவை, செய்யாது விட்டன எவை என்பதை அறிந்த பின்னரே எழுதத் தொடங்க இயலும். அதனை அறிவிக்கும் கருவிகளாகிய நூற்பட்டியல், சொல்லடைவு, பெயரடைவு, ஆய்வேட்டு அட்டவணை ஆகியவற்றை அமைக்கும் முறைகளை வகுப்பது நூலகவியல். இந்தியப் பல்கலைக்கழகங்களில் இது தனித்துறையாக வளர்ந்து, முனைவர் பட்ட ஆய்வுகளையும் தொடர்ந்து வழங்கி வருகின்றது. அவ்வாய்வுகள் நூலகத்தின் அன்றாடப் பணியில் எவ்வளவு கலந்துள்ளன என்னும் வினா நூலகவியலார்க்கு மட்டும் உரியதன்று. பட்டியலை நம்பி வாழும் தமிழாய்வாளர்க்கும் அதில் பங்குண்டு.

இவ்வினாவை மைசூருவைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது. அந்நகர் தமிழாய்வுக்கு அயலன்று. தமிழகக் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல்லாண்டுகள் அங்குப் பாதுகாக்கப்பட்டு வந்தன. 1969இல் தொடங்கப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் அங்குள்ளது. செம்மொழித் தமிழுக்கான உயராய்வு மையமும் 2008இல் சென்னைக்கு வருமுன் அந்நிறுவனத்திலேயே இயங்கியது. ஆய்வும் பணியும் இணைந்த நிலை, இணைப்பு இடையில் நின்ற நிலை, இணைந்தும் முழுமை பெறாத நிலை ஆகிய மூன்றிற்கும் அங்குச் சான்றுகள் கிடைக்கின்றன.

ஆய்வும் பணியும் பிரிந்த நிலை

நூலகவியல் ஆய்வேடுகளில் மிகுதியாகக் காணப்படுவது பயனர் ஆய்வு என்னும் வகையாகும். ஒரு நூலகத்தைத் தேர்ந்துகொண்டு, வினாநிரல் வழங்கி, விடைகளை விழுக்காடாக்கி, அட்டவணைகளில் அடக்கி, இறுதியில் பரிந்துரைகளைத் தருவது இதன் பொது அமைப்பு. நூலக நேரத்தை நீட்டித்தல், கணினிகளைப் பெருக்குதல், பயனர்க்குப் பயிற்சியளித்தல் ஆகியன மீண்டும் மீண்டும் இடம்பெறும் பரிந்துரைகள். இவை யாரை நோக்கிக் கூறப்படுகின்றன என்பது தெளிவாக இல்லை. ஆய்வுக்குள்ளான நூலகத்தின் நூலகர் அவ்வாய்வேட்டைப் படிக்கும் வாய்ப்பு குறைவு. படித்தாலும் நிதியும் பணியிடமும் அவர் கையில் இல்லை. தேர்வாளர்கள் படித்து முடித்தபின் ஆய்வேடு அடுக்கேறிவிடுகின்றது.

மறுபுறம், நூலகர் நாள்தோறும் எதிர்கொள்ளும் சிக்கல்கள் ஆய்வுப் பொருளாவது அரிது. ஒரே ஆசிரியரின் பெயர் பட்டியலில் இயற்பெயராகவும் புனைபெயராகவும் முன்னெழுத்துடனும் முன்னெழுத்தின்றியும் நான்கிடங்களில் நிற்கின்றது. தலபுராணத்தைச் சமயத்தில் வைப்பதா, இலக்கியத்தில் வைப்பதா, ஊர் வரலாற்றில் வைப்பதா என்பதில் நூலகத்துக்கு நூலகம் வேறுபாடுள்ளது. பதிப்பாண்டு அச்சிடப்படாத பழம்பதிப்புகளின் காலத்தைத் துணிவதற்குப் பொதுவிதி கைக்கொள்ளப்படவில்லை. இவற்றுக்கு நூலகர் தம் பட்டறிவால் ஒரு தீர்வு காண்கிறார்; அவர் ஓய்வு பெறும்போது அத்தீர்வும் அவரோடு சென்றுவிடுகின்றது. ஆய்வாளரிடம் முறையியல் இருக்கின்றது, சிக்கல் இல்லை. நூலகரிடம் சிக்கல் இருக்கின்றது, அதனை ஆராயும் ஓய்வு இல்லை.

இத்துறையின் இந்தியத் தொடக்கம் இவ்வாறு அமையவில்லை. சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். இலண்டனில் பயின்று திரும்பிய பின், தம் பொறுப்பிலிருந்த நூலகத்தையே ஆய்வுக்களமாக்கினார். நூல்கள் பூட்டிவைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே என்பதை முதலாகக் கொண்ட ஐந்து விதிகளை 1931இல் நூலாக்கினார். 1933இல் கோலன் பகுப்பு முறையும் 1934இல் பட்டியலாக்க விதித்தொகுப்பும் வெளிவந்தன. இவற்றின் பின்னணியில் அடுக்கினருகே வாசகர் தடுமாறியதைக் கண்ட நூலகரின் பட்டறிவு உள்ளது.

எல்லா ஆய்வும் உடனடிப் பயன் தரவேண்டும் என வற்புறுத்துவது பொருந்தாது என்று கூறப்படலாம். அக்கூற்றில் உண்மையுண்டு. கோலன் முறையை முழுமையாகப் பின்பற்றிய நூலகங்கள் சிலவே. ட்யூயி முறையே பரவலாக வழங்குகின்றது. எனினும் பொருளை முகங்களாகப் பகுத்துக் காணும் அரங்கநாதனின் கொள்கை, பிரித்தானிய வகைப்பாட்டு ஆய்வுக் குழுவினர் வழியாக உலகளவில் தகவல் மீட்பு முறைகளில் ஊன்றியது. அடுக்கினருகே பிறந்த கொள்கைக்கே இத்தகைய தொலைவீச்சு கிடைத்தது என்பது கருதத்தக்கது.

கீழ்த்திசை நூலகம்: பட்டியலாக்கமே ஆய்வு

மைசூருவில் 1891இல் நிறுவப்பட்ட கீழ்த்திசை நூலகம் 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்து, 1943இல் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் எனப் பெயர் பெற்றது. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் அந்நூலகத்துக்கு ஓலைச்சுவடி ஒன்றை வழங்கினார். கிரந்த எழுத்தில் அமைந்த அச்சுவடி கௌடில்யரின் அர்த்தசாத்திரம் என்பதைக் கண்டறிந்தவர் அங்கு நூலகராக இருந்த ஆர். சாமசாத்திரி. 1905இல் தொடங்கி அதன் பகுதிகளை வெளிப்படுத்திய அவர், 1909இல் மூலத்தையும் 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். பிற நூல்களின் குறிப்புகளால் மட்டுமே அறியப்பட்டு வந்த ஒரு நூல் இவ்வாறு முழுமையாகக் கிடைத்தது.

இந்நிகழ்ச்சி தற்செயலான கண்டுபிடிப்பாகவே பெரும்பாலும் கூறப்படுகின்றது. சுவடி கிடைத்தது தற்செயல் எனலாம். அதனை இன்னதென அறிந்தது தற்செயலன்று. வரவுப் பதிவேட்டில் ‘வடமொழிச் சுவடி, கிரந்த எழுத்து’ என்று மட்டும் எழுதி எண்ணிட்டு வைத்திருந்தாலும் அலுவலக நடைமுறை நிறைவேறியிருக்கும். பட்டியலிட்டவர் படிக்க வல்லவராகவும், படித்ததன் இடத்தை நூல்மரபில் உணர்ந்தவராகவும் இருந்தமையால் பதிவு ஆய்வாயிற்று. தமிழகச் சுவடி நூலகங்களில் ‘பெயர் தெரியாத நூல்’, ‘மருத்துவம், முதலும் இறுதியும் இல்லை’ என்றவாறு அமையும் பட்டியற் குறிப்புகளை இதனோடு ஒப்பிட்டால், பட்டியலாளர் பணியின் எடை புலனாகும்.

கல்வெட்டு மைப்படிகள்: நின்றுபோன இணைப்பு

இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டியல் பிரிவு உதகமண்டலத்திலிருந்து 1966இல் மைசூருவுக்கு மாற்றப்பட்டது. தமிழகக் கோயில்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் எடுக்கப்பட்ட மைப்படிகளும் உடன் சென்றன. திருப்பணியின்போது கற்கள் சிதைந்த இடங்களில் மைப்படியே எஞ்சிய ஒரே சான்றாக நிற்பதுண்டு. அவற்றைத் தமிழகத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை நெடிது நிலவி, 2021 ஆகத்தில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணைக்கு வழிகோலியது. தமிழ் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு அவ்வாணை பணித்தது.

மைப்படிகள் எந்நகரில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி மிகுதியாகப் பேசப்பட்டது. அவற்றை எவ்வாறு தேடிக் கண்டடைவது என்பது பெரிதும் பேசப்படவில்லை. ஒரு கல்வெட்டின் முதன்மை அடையாளம் ஆண்டறிக்கை எண்ணாகும். படியெடுத்த ஆண்டும் அவ்வாண்டில் அது பெற்ற வரிசை எண்ணும் சேர்ந்த அடையாளம் அது. நூலகத்தின் வரவெண்ணுக்கு ஒப்பானது. ஊரால் தேடுவோர்க்கு அது உதவாது. இக்குறையை உணர்ந்த வி. ரங்காச்சாரியா, சென்னை மாகாணக் கல்வெட்டுகளை மாவட்டம், வட்டம், ஊர் என்னும் முறையில் அடுக்கி 1919இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். வரவெண் வரிசையை இடவகைப்பாடாக மாற்றிய அப்பணி முழுமையும் நூலகவியற் பணியாகும்.

அதனினும் ஒருபடி முன்சென்றது, நொபொரு கராசிமா, எ. சுப்பராயலு, தோரு மாட்சுய் ஆகியோர் 1978இல் மதுரையில் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்களின் அடைவு. ஆட்பெயர்களையும் அவற்றோடு வரும் பட்டங்களையும் ஊர்களையும் அட்டவணைப்படுத்திய அவ்வடைவால் சோழர் காலத்து நிலவுடைமை, அதிகார அமைப்பு ஆகியவற்றைப் பெயர்களின் பரவலைக் கொண்டு ஆராயும் வழி திறந்தது. பட்டியல் ஆய்வுக்குத் துணை என்னும் நிலை மாறி, பட்டியலே ஆய்வின் வாயிலாயிற்று.

இவ்விரு பணிகளையும் செய்தோர் நூலகவியல் துறையினர் அல்லர்; தேவையுடைய வரலாற்றாய்வாளர்கள். அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டிய பணி இன்று உள்ளது. பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினமும் 1997இல் திருவாரூரும் பிரிந்தன. 2020இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. பழைய அட்டவணையில் தஞ்சாவூரின் கீழ் நிற்கும் ஊரை இன்றைய ஆய்வாளர் எந்த மாவட்டத்தில் தேடுவது? பழம்பெயர், கல்வெட்டுப் பெயர், இன்றைய பெயர் ஆகிய மூன்றையும் இணைக்கும் ஊர்ப்பெயர் ஆணைப்பட்டியல் உருவானாலன்றி, மைப்படிகளை நகலெடுத்துக் கணினியில் ஏற்றுவதால் மட்டும் பயன் விளையாது. நூலகவியலில் முனைவர் பட்டத்துக்குரிய பொருள் இது.

வித்யாநிதி: வெற்றியும் எல்லையும்

துறைக்குள்ளிருந்தே ஆய்வு நடைமுறையாக மலர்ந்த சான்று வித்யாநிதியாகும். மைசூர்ப் பல்கலைக்கழக நூலகத் தகவல் அறிவியல் துறையில் பேராசிரியர் சாலினி அர்ஸ் தலைமையில், நடுவணரசின் நிசாட் திட்டத்தின் நிதியுதவியோடு 2000இல் இது தொடங்கியது. பின்னர் ஃபோர்டு அறக்கட்டளை, மைக்ரோசாப்ட் ஆகியவற்றின் உதவியும் கிடைத்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அச்சேறாமல் அந்தந்த நூலகத்திலேயே முடங்கிக் கிடந்தன. அவற்றை மின்வடிவில் திரட்டி எல்லோர்க்கும் வழங்குவதே அதன் நோக்கம். பல்கலைக்கழக மானியக் குழு 2005இல் மின்னாய்வேடுகள் குறித்த நெறிமுறைகளை வகுத்தது. 2009ஆம் ஆண்டின் விதிகள் மின்படி அளிப்பதைக் கட்டாயமாக்கின. இன்று அப்பொறுப்பைக் காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையத்தின் சோத்கங்கா ஏற்று நடத்துகின்றது. ஒரு துறையில் எழுந்த முயற்சி, பத்தாண்டுக்குள் நாட்டின் நடைமுறையாக நிலைபெற்றமை பாராட்டத்தக்கது.

வித்யாநிதியின் மற்றொரு சிறப்பு, இந்திய எழுத்துகள் பற்றிய கவனம். கன்னடம், இந்தி ஆகியவற்றில் அமைந்த ஆய்வேடுகளின் விவரங்களை அவ்வம்மொழி எழுத்திலேயே யூனிகோடு முறையில் பதிந்த பட்டறிவை இக்குழுவினர் 2002இல் கட்டுரையாக வெளியிட்டனர். யூனிகோடு இந்திய நூலகங்களில் பரவாதிருந்த காலம் அது. மொழியின் தலைப்பு அம்மொழி எழுத்திலேயே நிற்க வேண்டும் என்னும் அத்தெளிவு, தேசிய நடைமுறையில் அதே வலிமையோடு தொடரவில்லை. சோத்கங்காவில் தமிழ் ஆய்வேடுகள் பலவற்றின் தலைப்புகள் ஆங்கில மொழிபெயர்ப்பாகவோ ரோமன் எழுத்துப் பெயர்ப்பாகவோ உள்ளன. ‘சங்கம்’ என்னும் ஒரு சொல்லையே ஒருவர் எஸ் எழுத்திலும் மற்றொருவர் சி எழுத்திலும் தொடங்குகின்றனர். தமிழில் தட்டச்சிட்டுத் தேடுபவர் இவ்விரண்டையும் காணாது, தம் பொருளில் முன்னாய்வு இல்லை என்று முடிவு செய்யக்கூடும். ஒரே தலைப்பில் மீண்டும் ஆய்வு நிகழ்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ் எழுத்தில் பதிந்தாலும் சிக்கல் முற்றும் தீர்வதில்லை. யூனிகோடு குறியெண் வரிசையில் னகரம் நகரத்துக்கும் பகரத்துக்கும் இடையிலும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. தமிழ் நெடுங்கணக்கிலோ அவ்விரண்டும் மெய்களின் இறுதியில் வருவன. அகரவரிசைக்கான தனிவிதி மென்பொருளில் செயற்படாதபோது ஆசிரியர் அட்டவணை தமிழறிந்தார்க்கு ஒழுங்கற்றதாகத் தோன்றும். ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியெண்ணாகவும் இரு குறியெண்களாகவும் சேமிக்க இயலும். அவற்றை ஒன்றெனக் கொள்ளாத தேடுபொறி ‘பொருள்’ என்னும் சொல்லைத் தவறவிடும். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் அமைந்த கோப்புகளின் உள்ளடக்கத்தையோ மாற்றியமைக்காமல் தேடவே இயலாது.

தமிழ்த் துறைகளின் பங்கு

இக்குறைகளை நூலகவியலார்மேல் மட்டும் ஏற்றுவது நடுநிலையன்று. அகரவரிசையின் இயல்பு, ஊர்ப்பெயர் மாற்றம், புனைபெயர் வழக்கு ஆகியவற்றை அறிந்தோர் தமிழ்த் துறையினர். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்போது தலைப்பையும் குறிச்சொற்களையும் பிறர் விருப்பத்துக்கு விடுபவர்களும் அவர்களே. பெயர் பற்றிய சிக்கலுக்கு அரங்கநாதனே சான்று. அவர் பெயரின் முதல் முன்னெழுத்து ஊரையும் அடுத்தது தந்தையையும் குறிக்கும். ரங்கநாதன், அரங்கநாதன் என இருவகையாகவும் அப்பெயர் எழுதப்படுகின்றது. பட்டியலாக்கத்துக்கு விதி வகுத்தவரின் நூல்களே தமிழ்ப் பட்டியல்களில் இரண்டிடத்தில் பிரிந்து நிற்க நேர்ந்தால், பிறர் நிலையைக் கூற வேண்டியதில்லை.

முடிவுரை

இவ்வாய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. நூலகவியல் ஆய்வு சிறந்த இடங்களிலெல்லாம் ஆய்வாளரே பணிப்பொறுப்பையோ நேரடித் தேவையையோ உடையவராக இருந்தார். அரங்கநாதன், சாமசாத்திரி, கல்வெட்டு அடைவாளர்கள் ஆகியோர் இதற்குச் சான்று.

2. திட்டமாகத் தொடங்கும் முயற்சி நிதிக்காலத்தோடு முடியாமல் நாள்தோறும் நிகழும் பணியாகவும் விதியாகவும் மாறும்போதே நிலைபெறுகின்றது. வித்யாநிதியின் நோக்கம் இவ்வாறு நிலைபெற்றது; அதன் மொழிக்கவனம் நிலைபெறவில்லை.

3. ஊர்ப்பெயர், ஆசிரியர் பெயர் ஆகியவற்றுக்கான ஆணைப்பட்டியல்களும், தமிழ்த் தலைப்பைத் தமிழ் எழுத்தில் பதியும் விதியும் உடனடித் தேவைகள். இவற்றைத் தமிழ்த் துறையும் நூலகவியல் துறையும் பல்கலைக்கழக நூலகமும் கூட்டாய்வாக மேற்கொள்ளலாம். முனைவர் பட்டத் தலைப்புகளாகவும் வழங்கலாம்.

மைப்படிகள் மைசூருவில் இருப்பினும் சென்னையில் இருப்பினும், ஆய்வேடுகள் அடுக்கில் இருப்பினும் கணினியில் இருப்பினும், தேடுவோர் கைக்கு எட்டாதவரை அவை இல்லாதனவே ஆகும். எட்டச் செய்யும் கருவியை அமைப்பதே நூலகவியல் ஆய்வின் பயன் எனலாம்.